இருபத்தோராவது கொக்கி

தீயணைப்பு நிலையத்தில் பலகை அக்கா என்றால்தான் அவளைத் தெரியும். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே நினைத்துக்கொள்வாள். வயது நாற்பத்தெட்டு, வேலையில் சேர்ந்து இருபத்து நான்கு வருஷம். முதல் ஒன்பது வருஷம் எல்லாரையும் போல முதுகில் சிலிண்டரும் முகத்தில் முகமூடியுமாக நெருப்புக்குள் போய் வந்தவள்தான். ஒரு மரப்படி உடைந்து விழுந்ததில் வலது முழங்கால் போயிற்று. "ஆபீஸ்ல உக்காந்து ஃபைல் பாரும்மா" என்றார்கள். "ஃபைல் பாக்கவா நான் ஏணி ஏறக் கத்துக்கிட்டேன்?" என்று ஒரு முறைப்பு முறைத்தாள். அப்படித்தான் பலகை அவள் கைக்கு வந்தது.

அந்தப் பலகை என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவள் மானமே அதில்தான் இருக்கிறது. எரிகிற கட்டடத்தின் வாசலுக்குப் பத்தடி தள்ளி அவள் நிற்பாள். உள்ளே போகிறவன் கழுத்தில் மாட்டியிருக்கும் நம்பர் போட்ட பித்தளை வில்லையைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் படி மிதிக்கலாம். அதை ஒரு கொக்கியில் மாட்டி, போன நேரத்தையும் அவன் சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதுவாள். எத்தனை நிமிஷத்தில் வெளியே வந்தாக வேண்டும் என்று அவள்தான் கணக்குப் போடுவாள். வந்தவன் தன் வில்லையைத் தன் கையால்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். "அவனும் வந்துட்டான்க்கா, அவனோடதையும் குடுங்க" என்று கூட்டாளி கேட்டால் நடக்காது. ஒரே ஒரு வில்லை தொங்கினாலும் வண்டி நகராது.

ஐஸ் கிடங்கு தீப்பிடித்த அன்று நடந்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஐஸ் கிடங்கில் நெருப்பா என்று கேட்காதீர்கள். சுவருக்குள் அடைத்திருக்கும் நுரைத் தகடு பிடித்துக்கொண்டால் ஐஸாவது மண்ணாவது. ஆறு மணி நேரம் போராடி அணைத்து, எல்லாரும் துவண்டுபோய் வண்டியில் ஏறிவிட்டார்கள். ஆபீசர், "எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்றார். அக்கா போய் வண்டிக்கு முன்னால் நொண்டிக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணு தொங்குது. நான் எந்திரிக்க மாட்டேன். வேணும்னா என் மேல ஏத்திட்டுப் போங்க." மறுபடி இரண்டு பேர் உள்ளே ஓடினார்கள். கடைசியில் பார்த்தால் வில்லைக்குச் சொந்தக்காரன் பின்பக்க வழியாக வெளியே வந்து, யார் வீட்டுக் குழாயிலோ தலையைக் கொடுத்துக்கொண்டு நிம்மதியாக நின்றிருந்தான். அன்று அக்கா திட்டிய திட்டில் மிச்சமிருந்த கங்கும் அணைந்துபோயிற்று.

அப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவர் அடுப்பு அண்ணன். அக்காவும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பாழடைந்த கட்டடம் எங்கே சரியும், எந்தக் கதவுக்குப் பின்னால் நெருப்பு பதுங்கியிருக்கிறது என்பதெல்லாம் மோப்பம் பிடித்துச் சொல்லக்கூடிய ஆள். அந்த நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு: கோட்டு எவ்வளவு கறுத்திருக்கிறதோ அவ்வளவு பெரிய ஆள். புதுக் கோட்டு வாங்கினவன் அவமானம் தாங்காமல் அதை எரிந்த சுவரில் தேய்த்துக் கொண்டுவருவான். அடுப்பு அண்ணன் தன் கோட்டைப் பதினொரு வருஷமாகத் துவைத்ததில்லை. அதன் நிறம் என்ன என்று அவருக்கே மறந்துவிட்டது. அதைத் தேநீர் போடும் அடுப்புக்குப் பக்கத்து ஆணியில்தான் மாட்டுவார்; அதன் கீழேதான் எல்லாரும் உட்கார்ந்து பன் தின்பார்கள். மூக்கைச் சிந்தினால் இரண்டு நாளைக்குக் கறுப்பாக வரும். அதையும் கைக்குட்டையில் விரித்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

அக்காவும் காட்டியிருக்கிறாள். வீட்டில் அவள் கணவர், புத்தகம் பைண்டிங் செய்கிறவர், கை முழுக்கப் பசையும் வாய் முழுக்கக் கிண்டலும் உள்ள மனிதர். "என் தலகாணி உறை வெள்ளையா இருக்கு, உன்னுது மட்டும் எப்படிம்மா சாம்பலாப் போகுது? தூக்கத்துலயும் நெருப்பு அணைக்கிறியா?" என்பார். மகள் அதற்கும் ஒரு சிரிப்புச் சிரிப்பாள். "பதினஞ்சு வருஷமா" என்று அக்கா ஆரம்பித்தால் போதும், அப்பாவும் மகளும் ஒரே குரலில் முடித்துவைப்பார்கள்: "ஒரு வில்லைகூட என் பலகையில தங்கினதில்ல!" கேலிதான். ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் அவள் கழுத்து ஒரு அங்குலம் நிமிரும்.

அந்தக் கழுத்தை வளைத்தவர் ஹாரன் அண்ணன்.

முப்பது வருஷம் வண்டி ஓட்டினவர். ஆளில்லாத தெருவில்கூட ஹாரனை அழுத்திக்கொண்டே போவார், அதனால் அந்தப் பெயர். ஓய்வு பெற்று எட்டு மாதத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று தகவல் வந்தது. அக்கா பார்க்கப் போனாள். ஸ்டியரிங்கை வளைத்த கை, போர்வைக்கு மேலே சுள்ளி மாதிரிக் கிடந்தது.

"என்னண்ணே இது?"

"மூத்திரப்பையில கேன்சர். ஒரு வருஷமா ரத்தமாப் போச்சு. உடம்புச் சூடுன்னு நினைச்சு தண்ணியா குடிச்சுத் தள்ளினேன். முப்பது வருஷம் நெருப்புக் கிட்ட நின்னவனுக்குச் சூடு இருக்காதா, சொல்லு." சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. "டாக்டர் என்ன வேலை பார்த்தீங்கன்னு கேட்டாரு. ஃபயர் சர்வீஸ்னு சொன்னேன். ஓகோன்னு தலையாட்டிட்டு எழுதிக்கிட்டாரு. அவருக்குத் தெரிஞ்சிருக்கு தங்கச்சி. நமக்குத்தான் யாரும் சொல்லல. புகையில இருக்கிறது உள்ள போய் அங்கதான் தங்குமாம். மூச்சு வழியா மட்டும் இல்ல, தோல் வழியாவும் போகுமாம். ஆரம்பத்துலயே பார்த்திருந்தா சுரண்டி எடுத்திருக்கலாமாம்."

பிறகு தலையணைக்கு அடியில் துழாவி ஒரு பித்தளை வில்லையை எடுத்தார். புத்தம் புதிதாக மின்னியது. வண்டி ஓட்டுகிறவர் பம்புக்குப் பக்கத்திலேயே நிற்பவர், கட்டடத்துக்குள் போவதில்லை, அதனால் அதை அவர் ஒருநாளும் கழற்றியதில்லை.

"ஒரு தடவகூட உன் பலகையில இது ஏறினதில்ல. நான் உள்ளயே போகலைன்னுதானே எல்லாரும் நினைச்சோம். இப்ப மாட்டு. நான் இன்னும் வெளிய வரல."

ஆறு வாரத்தில் அவர் போய்விட்டார். அக்கா இருபதாவது கொக்கியில் அந்த வில்லையை மாட்டினாள். நிலையத்தில் வில்லை உள்ளவர்கள் டிரைவர்களையும் சேர்த்துப் பத்தொன்பது பேர். அவர்களுக்குப் பத்தொன்பது கொக்கி. அதற்கப்புறம் ஐந்து கொக்கி சும்மா கிடந்தன. அன்றைக்கு வீட்டுக்குப் போய், அடுப்படியில் நின்றபடியே அழுதாள். பதினைந்து வருஷமாகச் சொல்லிவந்த பெருமை பொய்யாகிவிட்டதே என்ற வயிற்றெரிச்சல். வெளியே வந்தார்கள் என்று எழுதிக்கொண்டோமே, அவர்களோடு புகையும் கூடவே வந்ததே, அதை யார் எழுதினார்கள்? இன்னும் எத்தனை பேர் வெளியே வராமலே வந்த மாதிரி நடமாடுகிறார்கள்? அதுதான் அவளைத் தின்றது. இன்னொரு வில்லை தங்கக்கூடாது. அதற்குமேல் அவளுக்கு ஒரு வேண்டுதலும் இல்லை.

மறுநாளே நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். தீயணைப்பு ஆட்களுக்கென்றே வருஷத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு என்றும் அதற்குத் தனி அறையும் தனி நர்சும் இருக்கிறார்கள் என்றும் அப்போதுதான் தெரிந்தது. நர்சம்மா ஒரு நோட்டைத் திறந்து காட்டினார். போன வருஷம் அவர்கள் நிலையத்திலிருந்து வந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் எடை பார்த்துவிட்டு ஓடிவிட்டான்.

"என்னென்ன பாப்பீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"யூரின், ரத்தம், நெஞ்சுப் படம். தோல்ல புது மச்சம், ஆறாத புண்ணு இருக்கான்னு தலையிலேர்ந்து கால்வரைக்கும் பாப்போம். கழுத்து, வாய், வயிறு. வயசானவங்களுக்குப் பின்பக்கமும் ஒரு பரிசோதனை இருக்கு, அதைக் கேட்டாத்தான் உங்க வீரனுங்க வாசலோட திரும்பிடறாங்க. பொம்பளைங்களுக்கு மார்பும் கர்ப்பப்பையும் பாப்போம். ஒரு காலைப்பொழுது, அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதுக்கு வரத்தான் ஆள் இல்ல."

திங்கட்கிழமை காலை டூட்டி மாறுகிற நேரத்தில் எல்லாரும் வந்து பார்த்தபோது, பலகை நிலைய வாசல் சுவரில் தொங்கியது; நெருப்புக்குக் கொண்டுபோக வேறொன்றை எடுத்து வைத்திருந்தாள் அக்கா. ஒவ்வொருவருக்கும் அலமாரியில் உபரி வில்லை ஒன்று உண்டு. பத்தொன்பது உபரி வில்லையும் வரிசையாகக் கொக்கியில் ஏறியிருந்தன, ஆபீசருடையது உட்பட. உள்ளே போன நேரம் என்ற இடத்தில், அவரவர் வேலைக்குச் சேர்ந்த வருஷம். வெளியே வந்த நேரம் என்ற இடம் காலி.

"சோதனைக்குப் போங்க. சீட்டை வாங்கிட்டு வந்து எனக்குக் காட்டுங்க. உங்க கையாலயே வில்லையை எடுத்துக்கோங்க" என்றாள் அக்கா. "அதுவரைக்கும் நீங்க யாரும் வெளிய வரல. உள்ளதான் இருக்கீங்க."

ஒரு பெரிய சிரிப்பு எழுந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

சாக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள் பாருங்கள், கேட்கவே கூசும். ஒருவனுக்கு ஊசி என்றால் மயக்கம் வருமாம். மூன்றாவது மாடி ஜன்னலில் தொங்கியவன் சொல்கிறான். இன்னொருவன், "வேலியில போற ஓணானை எதுக்குக்கா எடுத்து மடியில விட்டுக்கணும்?" என்றான். வேறொருவன், "அந்த வியாதி எங்க குடும்பத்துலயே கிடையாது" என்றான்.

"எந்த வியாதி?"

"அதான்க்கா, அந்த..."

"நெருப்புன்னா வாய் வெந்துடுமா? அதுவும் உனக்கு? கேன்சர்னு சொல்லு. சத்தமாச் சொல்லு."

"கேன்சர்" என்றான், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை போல.

"வாய் இருக்கா? இருக்குல்ல. கிளம்பு."

ஆபீசர் முதலில் போனார். அவர் போனால்தான் மற்றவர்களுக்குச் சாக்கு இல்லாமல் போகும் என்று அக்கா அவரிடம் தனியாகச் சொல்லியிருந்தாள். பிறகு ஒன்றிரண்டாகக் கிளம்பினார்கள். சீட்டோடு வந்து வில்லையை எடுக்கும்போது, என்னவோ பதக்கம் வாங்குவதுபோல மீசையைத் தடவிக்கொண்டார்கள். பின்பக்கப் பரிசோதனை முடிந்து வந்த மூத்தவர் ஒருவர், "அதைப் பத்தி யாரும் என்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாது" என்றுதான் உள்ளேயே நுழைந்தார். ஒருவனுக்கு முதுகில் ஒரு மச்சம் சரியில்லை என்று அன்றைக்கே வெட்டி எடுத்துவிட்டார்கள். அவன் மனைவி வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு நாலு வில்லை ஒரே நாளில் இறங்கின.

சோதனையோடு அவள் விடவில்லை. நெருப்பு அணைந்ததும் வண்டியில் ஏறுமுன் அங்கேயே கோட்டின் மேல் தண்ணீர் அடித்துக் கரியை இறக்க வேண்டும். கழற்றிப் பையில் கட்ட வேண்டும். கழுத்தையும் முகத்தையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நிலையத்துக்கு வந்ததும் முதலில் குளியல், அப்புறம்தான் தேநீர். கங்கைக் கிளறிப் பார்க்கும்போதும் முகமூடியைக் கழற்றக்கூடாது, அப்போதுதான் விஷம் அதிகம். தேநீர் அடுப்புக்குப் பக்கத்திலிருந்த ஆணிகளையெல்லாம் பிடுங்கிப் பின்கட்டு அறையில் அடித்தாள். ஒரு சலவை இயந்திரம் வேண்டும் என்று ஆபீசரைக் காலையும் மாலையும் நச்சரித்து, கடைசியில் அது வந்தேவிட்டது. "சுத்தமான கோட்டோட போனா ஜனங்க நம்மள என்னன்னு நினைப்பாங்க?" என்று ஒருவன் கேட்டான். "குளிச்ச பையன்னு நினைப்பாங்க" என்றாள்.

மூன்று வாரத்தில் பதினெட்டு வில்லை இறங்கிவிட்டன. ஒன்றுதான் தொங்கியது. யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

அடுப்பு அண்ணன் கோட்டையும் துவைக்கவில்லை, ஆஸ்பத்திரிப் பக்கமும் தலைவைத்துப் படுக்கவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால். "எனக்கு ஒரு தலவலி உண்டா? ஜலதோஷம் உண்டா? எருமை மாதிரி இருக்கேன்" என்பார். எருமை என்பதில் அக்காவுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஐஸ் கிடங்கில் செய்ததைத்தான் மறுபடியும் செய்தாள். காலை எட்டு மணிக்கு டூட்டி முடிந்தால் வீட்டுக்குப் போகாமல், பலகைக்குக் கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணு தொங்குது. நான் போக மாட்டேன்." பகல் பன்னிரண்டு வரைக்கும் இருப்பாள். தெருவில் போகிறவர்கள் என்ன ஏது என்று விசாரிப்பார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் விவரமாக, சத்தமாகச் சொல்வாள். கணவர் பைண்டிங் கடையிலிருந்து சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இவ பிடிச்சா பிடிதான், தம்பி. எனக்கு இருபது வருஷ அனுபவம்" என்று அடுப்பு அண்ணனிடம் அனுதாபம் சொல்லிவிட்டுப் போவார்.

ஒன்பதாவது நாள் அடுப்பு அண்ணன் இரண்டு தேநீர் கிளாஸோடு வந்து பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். ஒன்றை அவளிடம் நீட்டினார்.

"என் அண்ணன் உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார். "கல்லு மாதிரி இருந்தான். சும்மா ஒரு டெஸ்டுன்னு போனான். நாலு மாசத்துல போயிட்டான். டெஸ்டுக்குப் போகாம இருந்திருந்தா..."

"போகாம இருந்திருந்தா மூணு மாசத்துலயே போயிருப்பான். அலாரம் அடிச்சதாலயா வீடு எரியுது? எரியறதாலதான் அலாரம் அடிக்குது. இத உனக்கு நான் சொல்லணுமா? எத்தன வீட்டுக் கதவைத் தட்டி நீ சொல்லியிருக்கே!"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். மாட்டிக்கொண்ட மனிதன் என்ன செய்வான், எதிர்க் கேள்வி கேட்பான்.

"சரி தாயே, ஒத்துக்கறேன். உன் வில்லை எங்க?"

"எனக்கேது வில்லை? முழங்கால் போனப்பவே என் நம்பரை வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. பலகை பிடிக்கிறவளுக்கு எதுக்கு வில்லை? நான் உள்ள போறதில்லையே."

"ஹாரன் அண்ணன் உள்ள போனாரா?"

அக்கா தலைக்கு மேலே இருபதாவது கொக்கியை நிமிர்ந்து பார்த்தாள்.

அடுப்பு அண்ணன் சண்டையை விட்டுவிட்டார். குரல் தணிந்து வந்தது. "உள்ள போன எங்களுக்கு முகமூடி இருந்துச்சு. நீ வாசலுக்கு நேரா, பத்தடி தள்ளி, மூக்கும் வாயும் திறந்து நின்னே. பேர் கூப்பிடணும், நேரம் சொல்லணும், எங்களத் திட்டணும். முகமூடி போட்டா அதெல்லாம் முடியுமா? பதினஞ்சு வருஷம். எங்க எல்லாரையும் விட அதிகமாப் புகை குடிச்சது நீதான். எங்கள எண்ணிக்கிட்டே இருந்தே, உன்னை எண்ணவே இல்லையே. எங்களுக்கும் தோணல. இத்தன பேர் இருந்தோம், ஒருத்தனுக்கும் தோணல."

அக்காவுக்குத் தலையணை உறை ஞாபகம் வந்தது. சாம்பல் நிறத்தில், வாராவாரம், பதினைந்து வருஷமாக. அந்தப் பைண்டிங்காரர் கேலியாகச் சொன்னதை ஒரு நாளாவது காதில் போட்டுக்கொண்டாளா? ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டுத் தனக்கு ஒரு சோதனையும் செய்துகொள்ளவில்லை என்று நினைத்தபோது, ஹாரன் அண்ணன் போன அன்று வராத பயம் வந்தது. தேநீர் கிளாஸை இறுக்கிப் பிடித்தாள்.

"நீ வந்தா நானும் வர்றேன்" என்றார் அடுப்பு அண்ணன். "வரலேன்னா நானும் ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துடுவேன்."

மறுநாள் அவர் பழைய பம்பிலிருந்து கழற்றிய ஒரு பித்தளை மூடியை அரத்தால் ராவி வட்டமாக்கி, அதில் ஆணியால் 'பலகை' என்று பொறித்துக் கொண்டுவந்தார். எழுத்து கோணல்மாணல். இருபத்தோராவது கொக்கியில் அதை மாட்டிவிட்டு இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நெருப்புக்குப் பயப்படாத இரண்டு பேர், பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

அடுப்பு அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. எருமைதான். அவர் வில்லை அன்றைக்கே இறங்கியது.

அக்காவின் சிறுநீரில் ரத்தம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு. கருவியில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் அளவு. நர்சம்மா மறுபடி வரச்சொன்னார். மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார்கள். மூத்திரப்பையின் உள்சுவரில் ஒரு சின்ன வளர்த்தி, பட்டாணியில் பாதி. ஹாரன் அண்ணனுக்கு வந்த அதே இடம், அதே வியாதி. டாக்டர், கண்ணாடி போட்ட சின்னப் பெண், அக்காவின் முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னாள்: "இது இன்னும் வேர் விடலம்மா. குழாய் வழியாவே சுரண்டி எடுத்துடலாம். வெட்டு இல்ல, தையல் இல்ல. ஆறு மாசம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்."

அன்று வீட்டில் யாரும் கிண்டல் செய்யவில்லை. கணவர் பசைக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார், கழுவி முடிக்கவேயில்லை. மகள் அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள், பதினேழு வயதில். "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் அக்கா. "பயமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணும் ஆகாது. நேரத்துக்கு வெளிய வந்துட்டேன்."

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் கணவர் நிலையத்துக்குப் போய்த் தகவல் சொல்லிவிட்டு வந்தார். வந்தவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உன் ஸ்டூல்ல ஆள் உக்காந்திருக்கு."

"யாரு?"

"நேத்து ஆபீசர். இன்னிக்கு அந்த ஊசிக்கு மயங்கறவன். டூட்டி முடிஞ்சும் வீட்டுக்குப் போகல. என்னப்பா இதுன்னு கேட்டேன். 'ஒண்ணு தொங்குது சார், எப்படிப் போறது?'ன்னான். ஆளுக்கு ஒரு நாளாம், முறை போட்டு வச்சிருக்காங்க."

அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மரப்படி விழுந்து முழங்கால் நொறுங்கியபோது அழாதவள், அந்த ஆஸ்பத்திரித் தலையணை நனைய அழுதாள். இந்தத் தலையணை உறை வெள்ளையாகவே இருந்தது.

நாலாவது வாரம் ஒரு காலையில் அவள் நிலையத்துக்குத் திரும்பினாள். நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு, பையில் சீட்டோடு. வாசலில் பலகைக்குக் கீழே ஸ்டூலில் ஒருவர் பளபளவென்ற மஞ்சள் கோட்டில் உட்கார்ந்திருந்தார். புதிதாக யாரோ மாற்றலாகி வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அடுப்பு அண்ணன்!

"ஐயையோ, இது மஞ்சளா?"

"எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றார். "மூணு தடவ போட்டு எடுத்தோம். மெஷின் பாவம், அழுதுடுச்சு."

அவள் கையை நீட்டி வில்லையை எடுக்கப் போனாள். அவர் எழுந்திருக்கவில்லை; குறுக்கே கையை வைத்தார்.

"சீட்டு எங்க?"

"யோவ், என்கிட்டயேவா?"

"சட்டம் போட்டது யாரு? சீட்டைக் காட்டு."

பின்னால் ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் வந்து நின்றுவிட்டார்கள். அவள் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். அடுப்பு அண்ணன் அதை வாங்கி, மேலிருந்து கீழ்வரை, டாக்டரின் கையெழுத்துவரை, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். முழுக்க எடுத்தாயிற்று என்று இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்றும் இருந்தது.

"மூணு மாசத்துல மறுபடி மாட்டுவேன்" என்றார்.

"மாட்டு. மறுபடி எடுப்பேன்" என்றாள்.

அப்புறம்தான் அவர் எழுந்து வழிவிட்டார். அவள் தன் கையால் வில்லையைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். வெளியே வந்த நேரம் என்ற இடத்தில் எட்டு மணி பத்து நிமிஷம் என்று எழுதினாள். அதற்கு மேல் வரிசையில் இருபதாவது கொக்கியில் ஹாரன் அண்ணனின் வில்லை தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சேலை நுனி கிடைக்காமல் சட்டை ஓரத்தால் துடைத்துவிட்டு அப்படியே விட்டாள். அதன் எதிரே இருக்கும் காலியிடத்தை யாரும் நிரப்பியதில்லை.

அதன் பிறகும் எரிகிற கட்டடங்களுக்கு வெளியே அவள்தான் நிற்கிறாள். இப்போது புகை வராத காற்றுப்பக்கமாக, முகமூடியோடு. பேர் கூப்பிட ஒரு விசில் வைத்திருக்கிறாள், திட்டுவதற்கு விசில் போதவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறாள். வேறு நிலையங்களிலிருந்து ஆட்கள் வந்து அந்தச் சுவர்ப் பலகையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வருகிறவர்களிடம் அடுப்பு அண்ணன்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லாம் விளக்குகிறார். கடைசியில் அவர்கள் அக்காவிடம் கேட்பார்கள், இத்தனை வருஷத்தில் உங்கள் பலகையில் ஒரு வில்லையும் தங்கினதே இல்லையாமே என்று.

"ஒண்ணு தங்கிடுச்சு" என்பாள் அவள். "அதுக்கப்புறம் ஒண்ணுகூடத் தங்க விடல."